அணுவின் உள்ளே – 9: ஒரு நிமிடத்தில் பாதி

போன வாரம் பாரிஸில் நின்றோம். 1896 மார்ச்சில், ஹென்றி பெக்கொரல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த யுரேனிய உப்பு, வெயில் படாமலேயே, கறுப்புத் தாள் சுற்றிய புகைப்படத் தகட்டில் தன் உருவத்தைப் பதித்திருந்தது. 1898 ஜூலையில் கியூரி தம்பதி பொலோனியத்தை அறிவித்தார்கள், டிசம்பரில் ரேடியத்தை.

அதன்பிறகு ஐரோப்பாவின் ஆய்வகங்களில் ஆளாளுக்குக் கதிர் பிடிக்கக் கிளம்பினார்கள். எவ்வளவு தூரம் போகிறது, எதைத் துளைக்கிறது, காந்தத்துக்கு வளைகிறதா என்று அளந்து அளந்து எழுதினார்கள். எல்லாம் கதிரைப் பற்றித்தான். கதிரை விட்ட அணு அப்புறம் என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. இரும்பு என்றைக்கும் இரும்பு, ஈயம் என்றைக்கும் ஈயம். டால்டன் காலத்திலிருந்து நூறு வருட வேதியியல் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. அணு மாறுமோ என்று வாய்திறந்தால் ரசவாதி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிற இருவர் இந்த வாரம் வருகிறார்கள். ஒருவர் நியூசிலாந்தின் கிராமத்துப் பிள்ளை. இன்னொருவர், அணுவை உடைக்கவே முடியாது என்று மேடையேறி வாதாடியவர்.

*

பன்னிரண்டு தாள்கள்

எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு 1895-இல் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் வந்தார். கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே.ஜே. தாம்சனிடம் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. முதலில் வானொலி அலைகளைப் பிடித்தார், பிறகு எக்ஸ் கதிர், பிறகு யுரேனியம்.

பெக்கொரல் புகைப்படத் தகட்டை நம்பினார். ரூதர்ஃபோர்டு மின்னோட்டத்தை நம்பினார். யுரேனியத்தின் கதிர் பட்டால் காற்று மின்சாரத்தைக் கடத்தும். எவ்வளவு கடத்துகிறது என்று எலக்ட்ரோமீட்டரில் பார்த்தால், கதிர் எவ்வளவு பலமானது என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். இரண்டு துத்தநாகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு நிறுத்தி, கீழ்த்தகட்டில் யுரேனியப் பொடியைத் தூவினார். பொடியின் மேல் மெல்லிய அலுமினியத் தாளை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு தாளின் தடிமன் 0.0005 செ.மீ.

தாள் இல்லாதபோது அளவு 182. ஒரு தாள் போட்டால் 77. இரண்டுக்கு 33. மூன்றுக்கு 14.6.

இதுவரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தாளும் தனக்கு வந்த கதிரில் ஏறத்தாழ 43 சதவீதத்தை மட்டும் மேலே விடுகிறது. அந்தக் கணக்குப்படி நான்காவது தாளுக்கு 6 சொச்சம் வரவேண்டும். வந்ததோ 9.4. பன்னிரண்டு தாள் அடுக்கினால் ஒன்றுமே மிஞ்சக்கூடாது. ஆனால் 7 மிஞ்சியது.

அந்த 7-ஐ அளவுப் பிழை என்று தள்ளியிருக்கலாம். ரூதர்ஃபோர்டு தள்ளவில்லை. யுரேனியத்திலிருந்து வருவது ஒரே கதிர் கிடையாது, குறைந்தது இரண்டு என்றார். நாலு தாளுக்குள் மூச்சு முட்டி நின்றுவிடுவது ஒன்று. பன்னிரண்டு தாளையும் சட்டை செய்யாமல் போவது இன்னொன்று. வசதிக்காக முதலாவதை ஆல்பா என்றும் இரண்டாவதை பீட்டா என்றும் வைத்துக்கொள்வோம் என்று எழுதினார். 1899 ஜனவரியில் அந்தக் கட்டுரை அச்சானது.

அச்சாகும்போது அவர் கேம்பிரிட்ஜில் இல்லை.

*

புகையிலை முதலாளியின் கட்டடம்

மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகம். அங்கே இயற்பியலுக்கென்று கட்டிய கட்டடமும், அதற்குள் இருந்த கருவிகளும், பேராசிரியர் பதவியும் வில்லியம் மெக்டொனால்டு என்ற ஒரே மனிதரின் கொடை. புகையிலையில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், புகைபிடிப்பது அருவருப்பான பழக்கம் என்பது அவருடைய உறுதியான கருத்து. முதலாளி வருகிறார் என்று தகவல் வந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ரூதர்ஃபோர்டின் பைப்பை ஒளித்துவைக்கச் சொல்வார்களாம்.

1898 செப்டம்பரில் ரூதர்ஃபோர்டு அங்கே பேராசிரியராகப் போனார். வருடத்துக்கு 500 பவுண்டு சம்பளம். நியூசிலாந்தில் காத்திருந்த மேரி நியூட்டனைக் கல்யாணம் செய்துகொள்ள அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

மெக்கில்லில் ஆர்.பி. ஓவன்ஸ் என்று ஒரு மின்பொறியியல் பேராசிரியர் இருந்தார். ரூதர்ஃபோர்டு யுரேனியத்துக்குச் செய்ததைத் தோரியத்துக்குச் செய்து பார்க்கிறேன் என்றார் அவர்.

தோரியம் அப்போது அரிதான பொருளே அல்ல. நம் ஊர்க் கல்யாணத்திலும் திருவிழாவிலும் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் பலருக்கு நினைவிருக்கும். தீ வைத்தவுடன் நூல் எரிந்துபோய், தொட்டால் உதிரும் வெள்ளைக் கூடு மட்டும் நிற்கும். அந்தக் கூடு பெரும்பாலும் தோரியம் ஆக்ஸைடு. 1890-களில் ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கு இந்த மேன்டில் பெருவாரியாகத் தேவைப்பட்டதால், தோரியம் உப்பு எந்த ஆய்வகத்துக்கும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து இதே தோரியத்தைத் தேடித்தான் ஜெர்மானியர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கு வந்தார்கள். அதைத் தனியாக ஒரு வாரம் எழுதவேண்டும்.

ஓவன்ஸுக்கு எரிச்சல்தான் மிச்சம். யுரேனியம் போலத் தோரியம் அடங்கி உட்காரவில்லை. நேற்று ஓர் அளவு, இன்று ஓர் அளவு. யாராவது ஆய்வகக் கதவைத் திறந்து மூடினால்கூட முள் ஆடியது. கடைசியில் பிடித்துவிட்டார்: பொடியின் மேல் காற்று வீசினால் அளவு குறைகிறது, மூடி வைத்தால் மெல்ல ஏறுகிறது.

கதிரைக் காற்று அடித்துக்கொண்டு போகுமா? போகாது. அப்படியானால் காற்றோடு போவது எது?

*

கால், அரைக்கால், வீசம்

ஓவன்ஸ் இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போனார். விட்ட இடத்திலிருந்து ரூதர்ஃபோர்டு எடுத்தார். இந்தக் கதையில் ஓவன்ஸ் பெயர் இவ்வளவுதான் வருகிறது என்பது எனக்கு வருத்தம். சிக்கலை மறைக்காமல் எழுதி வைத்த அந்த மனிதர் இல்லாவிட்டால் அடுத்த காட்சியே இல்லை.

ரூதர்ஃபோர்டு தோரியம் ஆக்ஸைடைக் காகிதத்தில் பொதிந்து ஒரு நீண்ட குழாய்க்குள் வைத்தார். குழாய் வழியே மெதுவாகக் காற்றை ஊதினார். நடுவில் தூசி எதுவும் தப்பாதபடி பஞ்சு அடைப்பு. மறுமுனையில் பெரிய பாத்திரமும் எலக்ட்ரோமீட்டரும்.

தோரியம் இருப்பது அந்தக் கோடியில். ஆனால் இந்தக் கோடியில் முள் நகர்ந்தது. காகிதத்தையும் பஞ்சையும் கடந்து ஏதோ வந்திருக்கிறது. அமிலத்துக்குள் குமிழி விட்டுப் பார்த்தார். அதையும் தாண்டி வந்தது.

பிறகு காற்றை நிறுத்தினார். பாத்திரத்துக்குள் அகப்பட்டது அகப்பட்டபடி இருக்கட்டும் என்று விட்டு, கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு நிமிடத்தில் பாதி. இரண்டு நிமிடத்தில் கால். மூன்றில் அரைக்கால். நான்கில் வீசம். பத்து நிமிடம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எவ்வளவு அதிகமாக அடைத்து வைத்தாலும், எவ்வளவு குறைவாக வைத்தாலும், பாதியாக அதே ஒரு நிமிடம்தான். இன்று நாம் அரை ஆயுட்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது முதன்முதலாக அளக்கப்பட்டது அந்தப் பாத்திரத்தில்தான். இன்றைய துல்லியமான மதிப்பு 55.6 நொடி. அவர் சொன்ன ஒரு நிமிடம் மோசமே இல்லை.

அதுவரை எந்தக் கதிரியக்கப் பொருளும் கண் முன்னால் தேய்ந்ததாக யாரும் எண்ணிக் காட்டியதில்லை. பெக்கொரலின் யுரேனியம் வருடக்கணக்கில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. இங்கே ஒன்று நிமிடங்களில் செத்துப்போகிறது. அதற்கு எமனேஷன் என்று பெயரிட்டு, 1900 ஜனவரியில் வெளியிட்டார்.

சாகும்போது அது சும்மா சாகவில்லை. தொட்ட பாத்திரச் சுவரெல்லாம் கதிரியக்கம் பெற்றன. எதிர் மின்னேற்றம் கொடுத்த ஒரு கம்பியை உள்ளே நீட்டினால் அந்தக் கம்பியிலேயே எல்லாம் போய்ப் படிந்தது. கம்பியை அமிலத்தில் கழுவினால் அமிலத்துக்கு வந்தது. அமிலத்தை வற்றவைத்தால் கிண்ணத்தில் நின்றது. கண்ணுக்குத் தெரியாத, எடை போட முடியாத, ஆனால் சந்தேகமில்லாமல் ஒரு பொருள். அது பாதியாகக் குறைய 11 மணி நேரம்.

1900-இல் நியூசிலாந்து போய் மேரியை மணந்து திரும்பினார். 1901-இல் அவருடைய முதல் முதுகலை மாணவி ஹேரியட் புரூக்ஸும் அவரும் ரேடியத்திலிருந்து வந்த எமனேஷனைக் காற்றில் பரவவிட்டு, அதன் வேகத்தை அளந்தார்கள். மெதுவாகத்தான் பரவியது. எனவே கனமான ஒரு வாயு என்று சொல்ல முடிந்தது.

வாயுதான். ஆனால் என்ன வாயு? அதைச் சொல்ல ஒரு வேதியியலாளர் வேண்டும்.

*

நடுவில் பாரிஸ்

அதற்கு முன் ஒரு நிமிடம் பாரிஸுக்குப் போய் வருவோம். 1900-இல் இரண்டு விஷயம் நடந்தது.

பீட்டாக் கதிரைக் காந்தத்திலும் மின்புலத்திலும் வளைத்துப் பார்த்த பெக்கொரல், அது தாம்சன் 1897-இல் கண்ட எலக்ட்ரானே என்று காட்டினார். அதே வருடம் பால் வில்லார் என்ற வேதியியலாளர், கியூரிகளின் ரேடியம் கலந்த உப்பிலிருந்து வந்த கதிரைக் காந்தத்தின் நடுவே விட்டுத் தகட்டில் பிடித்தார். வளைந்துபோன பீட்டாவின் தடத்தோடு இன்னொரு தடமும் விழுந்தது. அது இம்மியும் வளையவில்லை. ஈயத் தகட்டையும் கடந்தது. வில்லார் பெயர் வைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ரூதர்ஃபோர்டுதான் அதைக் காமா என்றார்.

ரூதர்ஃபோர்டு பின்னால் ஒரே வரியில் மூன்றையும் ஒப்பிட்டார். கதிரைப் பாதியாக்க அலுமினியம் எவ்வளவு தடிமன் வேண்டும்? ஆல்பாவுக்கு 0.0005 செ.மீ., பீட்டாவுக்கு 0.05 செ.மீ., காமாவுக்கு 8 செ.மீ.

இதில் ஆல்பாவைத்தான் யாரும் மதிக்கவில்லை. காகிதத்தைத் தாண்டாத சோப்ளாங்கி, காந்தத்துக்கும் வளையவில்லை, ஏதோ உபரிக் கதிராக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் இந்தச் சோப்ளாங்கிதான் அணுவின் கதவை உடைத்தது.

*

விவாத மேடை

ஃபிரெடரிக் சாடி ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலில் முதல் வகுப்பு. 1900-இல் டொரண்டோவில் பேராசிரியர் வேலை கேட்டு நேரிலேயே கப்பலேறி வந்தார். கிடைக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் மான்ட்ரியலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியவருக்கு, மெக்கில் வேதியியல் துறையில் செயல்முறை விளக்குநர் என்ற சின்ன வேலை கிடைத்தது.

1901 மார்ச்சில் மெக்கில்லின் இயற்பியல் சங்கத்தில் விவாதம். அணுவைவிடச் சிறிய பொருள் உண்டா? உண்டு என்று ரூதர்ஃபோர்டு. இல்லை என்று சாடி. எலக்ட்ரான் என்று ஒன்றை வைத்துக்கொண்டு வேதியியலின் அணுவைக் கேள்வி கேட்கிறீர்களே, இத்தனை வருடம் தராசில் நாங்கள் நிறுத்த நிறுவைக்கெல்லாம் என்ன பதில் என்கிற தொனி சாடியினுடையது.

அந்த விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமில்லை. தன்னை மேடையில் வைத்து எதிர்த்த 23 வயதுப் பையனை, அதே ஆண்டு அக்டோபரில் ரூதர்ஃபோர்டு தன்னோடு வேலை செய்யக் கூப்பிட்டார். ஆமாம் சாமி போடுபவர் ஒருவரைச் சேர்த்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். அணு மாறாது என்று நம்பியவர் கையாலேயே அது மாறுவது நிரூபணமானதால்தான் அந்த நிரூபணத்துக்குக் கனம் வந்தது.

*

எதற்கும் அசையாத வாயு

சாடி ஒரு வேதியியலாளர் செய்வதைச் செய்தார். எமனேஷனைப் பிடித்து, எதனோடாவது சேருகிறதா என்று சோதித்தார்.

பிளாட்டினத்தைச் சூடேற்றக்கூடிய எல்லை வரை சூடேற்றி அதன் மேல் ஓடவிட்டார். பழுக்கக் காய்ந்த ஈயக் குரோமேட்டின் மேல் விட்டார். மக்னீசியப் பொடி, துத்தநாகத் தூள். ஆக்சிஜனோ நைட்ரஜனோ ஹைட்ரஜனோ, இவற்றில் எதிலாவது ஒன்றில் அகப்பட்டிருக்கும். எமனேஷன் எல்லாவற்றையும் கடந்து அந்தப் பக்கம் போய், முன்பு போலவே முள்ளை நகர்த்தியது.

எதனோடும் சேராத வாயுக்கள் உலகில் ஒரே ஒரு குடும்பம்தான். சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் வில்லியம் ராம்சே கண்டெடுத்த ஆர்கான் குடும்பம்.

சாடி அப்படியே நின்றுவிட்டார். தோரியம் ஓர் உலோகம். அதை யாரும் சுடவில்லை, அமிலத்தில் போடவில்லை, தொடக்கூட இல்லை. அது பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டு ஆர்கான் மாதிரி ஒரு வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தனிமம் இன்னொரு தனிமமாகிறது.

அந்தக் கணத்தைச் சாடி பல வருடங்கள் கழித்து நினைவுகூர்ந்தார். இது தனிம மாற்றமேதான் என்று தான் கத்தியதாகவும், அந்தச் சொல்லை வெளியே சொல்லித் தொலைக்காதே, ரசவாதிகள் என்று நம் தலையை வாங்கிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டு பதறியதாகவும் சொன்னார்.

பயந்தது ரூதர்ஃபோர்டு. ஆனால் 1931-இல் பிரபுப் பட்டம் பெற்று மரபுச் சின்னம் வரைந்துகொண்டபோது, கேடயத்தைத் தாங்கும் இரண்டு உருவங்களில் ஒன்றாக யாரை நிறுத்தினார் தெரியுமா? ரசவாதிகளின் ஆதிகுரு ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸை.

*

கிறிஸ்துமஸ் விடுமுறை

எமனேஷன் தோரியத்திலிருந்தே நேராக வருகிறதா, நடுவில் வேறு யாராவது இருக்கிறார்களா?

தோரியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, அம்மோனியாவை விட்டார்கள். தோரியம் முழுதும் வெள்ளை வீழ்படிவாக இறங்கியது. வடிகட்டினார்கள். எந்த வேதியியலாளரும் இந்த இடத்தில் வடிநீரைக் கொட்டிவிடுவார். தோரியந்தான் வடிதாளில் இருக்கிறதே, தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது?

இவர்கள் வடிநீரை வற்றவைத்து, அம்மோனிய உப்புகளைச் சூட்டில் ஓட்டினார்கள். அடியில் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு சின்ன மிச்சம். எடைக்கு எடை பார்த்தால் தோரியத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கதிர் வீசியது. எமனேஷனை விடும் சக்தியும் அதோடு போயிருந்தது. வடிதாளில் தங்கிய தோரியமோ தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தது. மிச்சத்துக்குத் தோரியம் எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் கதிர் வீசியது தோரியமே இல்லை, அதில் கலந்திருந்த ஏதோ அழுக்கு, அழுக்கை எடுத்தாயிற்று. விஷயம் அவ்வளவுதானா? 1901 டிசம்பரில் அப்படித்தான் தோன்றியது. இரண்டு கிண்ணங்களையும் அப்படியே வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனார்கள்.

ஜனவரியில் திரும்பி வந்து முள்ளைப் பார்த்தார்கள்.

தோரியம் எக்ஸ் செத்துக் கிடந்தது. தோரியம் பழைய பலத்தோடு எழுந்து உட்கார்ந்திருந்தது.

மறுபடி முதலிலிருந்து. வீழ்படிவு, வடிகட்டல், வற்றவைத்தல். இந்தத் தடவை தினமும் அளந்தார்கள். தோரியம் எக்ஸ் நான்கு நாளில் பாதி. எட்டு நாளில் கால். தோரியம் இழந்ததில் பாதியை மீட்டது எத்தனை நாளில்? அதே நான்கு நாளில். ஒரு கோடு இறங்குகிறது, ஒரு கோடு ஏறுகிறது. எந்த நாளில் இரண்டையும் கூட்டினாலும் தொகை மாறவில்லை.

கைக்கெட்டிய விளக்கம் ஒன்றுதான். தோரியம் ஓயாமல் தோரியம் எக்ஸை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தோரியம் எக்ஸ் ஓயாமல் அழிந்துகொண்டே இருக்கிறது. அழிந்து எமனேஷனாகிறது. எமனேஷன் அழிந்து சுவரில் படிகிறது. அதுவும் அழிகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு தனிமம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆயுள். நாம் பார்க்கும் கதிர், ஒன்று இன்னொன்றாக மாறும் கணத்தில் சிதறுவது.

கதிரை விட்டு அணு தேய்வதில்லை. மாறும்போதுதான் கதிரே வருகிறது.

இதைத்தான் 1902 செப்டம்பர், நவம்பர் இதழ்களில் இரண்டு பாகமாக எழுதினார்கள்.

இன்றைக்கு நமக்கு அந்த வாரிசுகளின் பெயர்கள் தெரியும். தோரியம் எக்ஸ் என்பது ரேடியத்தின் ஒரு வகை. ரேடியம் அம்மோனியாவுக்கு மசியாது, அதனால்தான் தண்ணீரோடு தப்பியது. அதன் அணு எண் 88. ஆல்பா ஒன்று போனால் அணு எண்ணில் இரண்டு குறையும்: 86, ரேடான் வாயு, அதாவது எமனேஷன். இன்னோர் ஆல்பா: 84, பொலோனியம். ஒரு நொடிகூடத் தாங்காமல் இன்னோர் ஆல்பா: 82, ஈயம். சுவரில் படிந்த அந்த 11 மணி நேரப் பொருள் இதுதான். அடுத்து வெளிவருவது பீட்டா. பீட்டா போனால் அணு எண் ஒன்று கூடும்: 83, பிஸ்மத். காமா போனால் எண் மாறாது. அணு தன் உபரி ஆற்றலை இறக்கி வைக்கிறது, அவ்வளவே. அணு எண் என்ற பேச்சே எழாத 1902-இல், முள்ளையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு இருவரும் இந்தப் படிக்கட்டில் பாதியைத் தடவியே கண்டுபிடித்தார்கள். நடுவே இரண்டு மூன்று படிகள் விட்டுப்போயின. அவற்றைப் பின்னால் ஓட்டோ ஹான் வந்து கண்டெடுப்பார்.

*

வயதாகாத அணு

1903 மே மாதக் கட்டுரையில் ஒரு விதி வந்தது. குறிப்பிட்ட நேரத்தில் அழியும் அணுக்கள், மிஞ்சியிருக்கும் அணுக்களில் எப்போதும் ஒரே பங்கு. சூடாக்கினாலும் குளிரவைத்தாலும், எந்த உப்பாகக் கட்டிப்போட்டாலும் அந்தப் பங்கு மாறாது.

படித்தால் சாதாரணமாக இருக்கும். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் பகீரென்கும். ஓர் ஊரில் எண்பது வயதுக்காரர் சாகும் வாய்ப்பு, எட்டு வயதுப் பிள்ளையைவிட அதிகம். அணுக்களுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. இப்போது பிறந்த எமனேஷன் அணுவும், ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்துவிட்ட எமனேஷன் அணுவும் அடுத்த நிமிடத்தில் சாகும் வாய்ப்பு சரிபாதிதான். மொத்தக் கூட்டத்தில் எத்தனை போகும் என்று சொல்லலாம். எந்த அணு போகும் என்று சொல்ல முடியாது. இயற்பியலுக்குள் இந்தப் பகடை உருண்ட சத்தம் அப்போது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

கேட்டது வேறு சத்தம். அதே கட்டுரை, இந்த மாற்றத்தில் வெளிப்படும் ஆற்றல் எந்த வேதிவினையின் ஆற்றலைவிடவும் குறைந்தது 20,000 மடங்கு, ஒருவேளை பத்து லட்சம் மடங்கு என்று கணக்குப் போட்டது. இரண்டு மாதம் முன்புதான் பாரிஸில் பியர் கியூரியும் ஆல்பர்ட் லபோர்டும், ரேடியம் தன் எடையளவு பனிக்கட்டியை ஒரே மணி நேரத்தில் உருக்கும் அளவுக்குச் சூட்டைக் கக்குகிறது என்று காட்டியிருந்தார்கள்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? மெக்கில்லிலேயே மூத்தவர்கள் சிலர், இந்தப் பேச்சால் பல்கலைக்கழகத்தின் பெயர் கெடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். இயற்பியல் துறைத் தலைவர் ஜான் காக்ஸ் மட்டும் ரூதர்ஃபோர்டின் பக்கம் நின்றார். இங்கிலாந்தில் கெல்வின் பிரபு ஏற்கவில்லை. தனிமங்களுக்கு அட்டவணை போட்ட மெண்டலீவும் ஏற்கவில்லை.

*

வளைந்தது ஆல்பா

அணு எதையோ வெளியே எறிந்துதான் மாறுகிறது என்றால், எறிவது என்ன? பீட்டா என்ற எலக்ட்ரான் மிக மிக லேசு. கனமான எதையாவது எறிந்திருக்க வேண்டும். மிச்சமிருந்தது சோப்ளாங்கி ஆல்பா.

பிரான்ஸிலிருந்து பலமான ரேடியம் வந்து சேர்ந்தது. மெல்லிய தகடுகளை மயிரிழை இடைவெளியில் அடுக்கி, அந்த இடுக்குகள் வழியே ஆல்பா மேலே ஏறித் தங்க இலை மின்காட்டிக்குப் போகும்படி வைத்தார் ரூதர்ஃபோர்டு. காந்தத்தில் கொஞ்சம் வளைந்தால்கூடத் தகட்டில் முட்டி நின்றுவிடும். சாதாரணக் காந்தம் போதவில்லை. பெரிய டைனமோ ஒன்றின் காந்தத்தை வாங்கி வந்து பொருத்தினார்.

மின்சாரத்தைப் போட்டதும் தங்க இலை இறங்கும் வேகம் குறைந்தது. ஆல்பா வளைந்தது. இடுக்குகளின் ஒரு பக்கத்தைப் பாதி மறைத்து, எந்தத் திசையில் வளைகிறது என்றும் பார்த்தார். பீட்டாவுக்கு நேர் எதிர்த்திசை. ஆல்பா கதிரே இல்லை. நேர் மின்னூட்டம் உள்ள துகள்.

1903 பிப்ரவரியில் எண்களும் வந்தன. மின்னூட்டத்தை நிறையால் வகுத்தால் ஹைட்ரஜன் அயனிக்கு அன்றைய அலகில் சுமார் 10,000. ஆல்பாவுக்குச் சுமார் 6,000. ஆல்பாவின் மின்னூட்டம் ஒன்று என்றால், எடை ஹைட்ரஜன் அணுவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த எடையில் எந்தத் தனிமமும் அப்போது தெரியாது. மின்னூட்டம் இரண்டு என்றால், எடை நான்கு மடங்கு.

நான்கு எடையுள்ள தனிமம் ஒன்று உண்டு. 1868-இல் சூரிய ஒளியில் மஞ்சள் கோடாகத் தெரிந்து, 1895-இல் ராம்சே பூமியில் பிடித்த ஹீலியம். அவர் அதைப் பிடித்தது எதிலிருந்து? ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து. எதனோடும் சேராத ஒரு வாயு பாறைக்குள் எப்படிப் போய்ச் சிக்கியது என்று எட்டு வருடமாக யாருக்கும் புரியவில்லை.

சாடி பெட்டியைக் கட்டினார். 1903-இல் மெக்கில்லை விட்டு லண்டனுக்கு, அதே ராம்சேயின் ஆய்வகத்துக்குக் கப்பலேறினார். ஜெர்மனியில் கீசல் என்ற வேதியியலாளர் தூய்மையான ரேடியம் புரோமைடைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். அதுவும் லண்டனுக்கு வந்தது. ரேடியத்திலிருந்து வரும் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மின்சாரம் பாய்ச்சி, நிறமாலையில் அந்த மஞ்சள் கோட்டைத் தேடவேண்டும். கிடைக்கும் வாயுவோ ஊசி முனையளவு.

கோடு தெரிந்ததா? தெரிந்தாலும், அந்த ஹீலியம் ரேடியத்துக்குள் முன்பே ஒளிந்திருந்ததா, அல்லது பறந்து வந்த ஆல்பாத் துகள்கள்தான் ஹீலியமாக நின்றனவா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

(தொடரும்)